சினை மாட்டுக்குக் கடன் உண்டு, புள்ளத்தாச்சிக்கு இல்லையா?



ஆண்டு மலருக்கு நீயும் ஒன்னு எழுதும்மான்னு கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கட்டுரைன்னா பள்ளிக்கூடத்தில் எழுதினதோடு சரி. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல எங்க குழுவுக்குக் கணக்கும் தீர்மானமும் எழுதிக்கிட்டு வர்றேன். அதனால எனக்குத் தெரிஞ்ச கணக்கைப் பத்தியே எழுதுறேன்னு ஒத்துக்கிட்டேன். இதில் வர்ற வருஷம், தொகை எல்லாம் பயிற்சிகளில் கேட்டுக் குறிச்சு வச்சதும், என் மகள் படிச்சுச் சொன்னதும்தான்.

முதலில் எங்க தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம். 2014-ம் வருஷம், ஆடி மாசக் கூட்டம். அன்னைக்கு ரெண்டு பேர் கடன் கேட்டாங்க. ஒரு அக்கா சினை மாட்டுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வாங்க 5,000 ரூபாய் கேட்டாங்க. இன்னொரு தங்கச்சி அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. தலைசுத்தல், கை காலெல்லாம் வெளுத்துப் போச்சு. பூண்டுக் காட்டு வேலையை நிறுத்தினா வீட்டில் காசு இல்லை. சாப்பாட்டுச் செலவுக்கு 3,000 ரூபாய் கேட்டா. மாட்டுக்கு உடனே கொடுத்தோம். ஏன்னா அது கன்னு போடும், பால் கறக்கும், கடன் திரும்பி வரும். தங்கச்சிக்கு இல்லைன்னு சொன்னோம். "சாப்பாட்டுச் செலவு உற்பத்திக் கடன் ஆகாது என்பதால் நிராகரிக்கப்பட்டது." இந்த வரியை எழுதினது இதே கைதான்.

அவ ஏழாம் மாசக் கடைசி வரைக்கும் குனிஞ்சு பூண்டு புடுங்கினா. எட்டாம் மாசத்திலேயே பிள்ளை பொறந்திடுச்சு. எடை 1 கிலோ 700 கிராம். மலையிலிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டியில் வச்சு, தாயும் பிள்ளையும் வீடு வர 25 நாள் ஆச்சு. வைத்தியம் இலவசம்தான். ஆனால் அவ புருஷனுக்குக் கூலி நட்டம் ஒரு நாளைக்கு 350 வீதம் 8,750. கூட இருந்த அவங்க அம்மாவுக்கு 200 வீதம் 5,000. ஏறி இறங்கின வண்டிக்கு 5,000. சாப்பாட்டுக்கு 3,750. மொத்தம் 22,500 ரூபாய். அதில் பாதி நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வெளியில் வாங்கினது. நாங்க கொடுக்க மாட்டோம்னு சொன்னது 3,000.

நாங்க கொடுத்திருந்தா எல்லாம் சரியாகியிருக்கும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. குறைமாசத்துக்குப் பல காரணம் இருக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஆனால் மாட்டுக்குத் தெரிஞ்ச கணக்கு மனுஷிக்கு ஏன் தெரியாமல் போச்சுன்னு அன்னையிலிருந்து மனசு கேட்டுக்கிட்டே இருக்கு. அந்தத் தங்கச்சியிடம் கேட்டு, அவ சம்மதத்தோடுதான் பேர் போடாமல் இதை எழுதுறேன்.

ஒரு அணாவில் ஆரம்பிச்ச கதை

பிள்ளைக்குச் சோறு போடுறது செலவா, முதலான்னு நம்ம குழுவில் மட்டும் வந்த கேள்வி இல்லை இது. நூறு வருஷமா தமிழ்நாட்டில் இதே சண்டைதான் நடந்திருக்கு.

1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கத் தீர்மானம் போட்டது. அப்போ மாநகராட்சித் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் போச்சு. பசியால வராமல் இருந்த பிள்ளைகள் வர ஆரம்பிச்சாங்க. ஆனால் 1925-ல் வெள்ளைக்கார அரசாங்கம், கல்வி நிதியிலிருந்து சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு சொன்னதால திட்டம் நின்னு போச்சு. கவனிங்க, அன்னைக்கும் "இது உற்பத்திச் செலவு இல்லை" என்ற அதே பேச்சுதான்.

1956-ல் காமராசர் மாநிலம் முழுக்க மதிய உணவைக் கொண்டு வந்தார். காசு எங்கேன்னு கேட்டவங்க அன்னைக்கும் இருந்தாங்க. பசியோட இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது, அப்புறம் வாத்தியாருக்குக் கொடுக்கிற சம்பளமே வீண்தானே? இதுவும் கணக்குதான்.

1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இதில் ரெண்டு வயசுப் பிள்ளையிலிருந்தே சேர்த்தாங்க. ஓட்டுக்காகக் காசை அள்ளி இறைக்கிறாங்கன்னு படிச்சவங்க பலர் திட்டினாங்க. ஆனால் ஊருக்கு ஊர் சத்துணவு மையம் வந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலையும் கிடைச்சது. 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பின்னாடி வாரம் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு ஏறி 2010-ல் வாரம் அஞ்சு முட்டை ஆச்சு. எந்தக் கட்சி வந்தாலும் முட்டையைக் குறைக்கத் துணியலை. வேற மாநிலங்களும் பார்த்துத் தொடங்கி, 1995-ல் இந்தியா முழுக்க மத்திய அரசுத் திட்டமாச்சு.

இது எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வர்ற பிள்ளைக்கு. அம்மா வயித்தில் இருக்கிற பிள்ளைக்கும், மடியில் இருக்கிற பிள்ளைக்கும்?

கோட்டாம்பட்டித் தராசு

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினது நம்ம பக்கத்தில்தான் நடந்திருக்கு. 1970-களில் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. உணவுத் திட்டங்கள் நிறைய இருந்தும், ரொம்பத் தேவைப்படுற மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போய்ச் சேருறது கம்மின்னு அதில் தெரிய வந்தது. அதை வச்சுத்தான் 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் தொடங்கினது மதுரை மாவட்டம் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில். அப்போ நம்ம கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். 1985-ல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமாச்சு.

இதில் நம்ம குழுக்காரங்க கேட்க வேண்டிய சங்கதி ஒன்னு இருக்கு. இந்தத் திட்டத்துக்குப் பணம் உலக வங்கிக் கடன். ஒரு வங்கி, தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு கொடுக்கிற வேலைக்குக் கடன் கொடுத்திருக்கு. 1980-ல் ஒரு வங்கி ஒத்துக்கிட்டதை 2014-ல் நாங்க ஒத்துக்கலை.

என் மாமியாருக்குப் பொறந்த ஊர் கோட்டாம்பட்டிப் பக்கம். கல்யாணமாகித்தான் மலை ஏறி வந்தாங்க. அவங்களைக் கேட்டா இன்னைக்கும் கதையா சொல்லுவாங்க. அப்போ அவங்களுக்குப் பதினொன்னு, பன்னெண்டு வயசு. கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கிட்டு மாசாமாசம் எடை போடப் போவாங்களாம். தொங்கல் தராசில் தூளி மாதிரி மாட்டி நிறுப்பாங்க. "என் பிள்ளை என்ன ஆட்டுக்குட்டியா, கிலோக் கணக்கில் நிறுக்கிறதுக்கு?"ன்னு அவங்க அம்மா முதலில் சண்டை போட்டாங்களாம். கண்ணு பட்டுடும்னு பயம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடை கூடினதைப் பார்த்துட்டு அவங்களே கூட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. "சத்து உருண்டை கொடுப்பாக. தம்பி பாதி தின்பான். மீதி நான்"னு அத்தை சிரிப்பாங்க.

அந்தத் திட்டத்தின் முறை ரொம்பச் சிக்கனம். ஆறு மாசத்திலிருந்து மூணு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளையையும் மாசாமாசம் எடை போடணும். எடை ஏறாத பிள்ளைக்கும் மெலிஞ்ச பிள்ளைக்கும் மட்டும் மூணு மாசம் கூடுதல் சாப்பாடு. எடை ஏறினதும் நிறுத்திடுவாங்க, தாய்க்கு வீட்டிலேயே எப்படிக் கொடுக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க. தேவைப்படுற கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. வேலைக்கு எடுத்தது உள்ளூர்ப் பெண்களைத்தான். அதிலும் ஏழையா இருந்தாலும் தன் பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறவளாப் பார்த்து எடுத்தாங்க. "அவளால முடிஞ்சா என்னாலயும் முடியும்"னு மத்தவங்களுக்குத் தோணணும்ல? ஊரில் பதினஞ்சு இருபது பெண்களைக் குழுவாச் சேர்த்து, எடை போடுறதுக்கு ஆள் கூப்பிடுறது, சத்து மாவு செய்யுறதுன்னு பழக்கினாங்க. 1989-ல் தருமபுரியில் சுய உதவிக் குழு வர்றதுக்கு முன்னாடியே, பிள்ளைகள் சாப்பாட்டுக்காகப் பெண்கள் குழுவா உக்காந்திருக்காங்க. நமக்கு அவங்க மூத்த அக்காமார்.

பலன் என்ன? மிக மோசமா மெலிஞ்ச சின்னப் பிள்ளைகளின் எண்ணிக்கை மூணில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் குறைஞ்சதா உலக வங்கி மதிப்பீடு சொல்லுது. 1990-ல் ரெண்டாம் கட்டமும் வந்தது. பின்னாடி அங்கன்வாடித் திட்டத்தோட சேர்ந்துடுச்சு. இன்னைக்கு அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கிறாங்களே, அது சும்மா சடங்கு இல்லை. அந்தத் தராசு அத்தை காலத்திலிருந்து வந்தது.

போட்ட பணம் திரும்பி வருமா?

சரி, பிள்ளை எடை கூடிச்சு. அதனால காசு வருமான்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். அதுக்கு ரெண்டு ஊர்க் கதை கிடைச்சது.

முதல் கதை குவாத்தமாலா என்கிற நாடு. அமெரிக்காக் கண்டத்தில் நடுப்பகுதியில் இருக்கிற ஏழை நாடு, அங்கேயும் மலைதான். 1969-லிருந்து 1977 வரைக்கும் நாலு கிராமத்தில் ஒரு சோதனை பண்ணினாங்க. ரெண்டு கிராமத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்து மாவும் பால் பவுடரும் சர்க்கரையும் கலந்த கஞ்சி. மத்த ரெண்டு கிராமத்தில் சத்து குறைஞ்ச இனிப்புத் தண்ணி மாதிரி ஒரு பானம். அப்புறம் அந்தப் பிள்ளைகள் பெரியவங்களாகி வேலைக்குப் போன பிறகு, 2002-லிருந்து 2004 வரைக்கும் தேடிப் பிடிச்சுக் கணக்கு எடுத்தாங்க. முதல் ரெண்டு வயசில் கஞ்சி குடிச்ச ஆண்கள் மணிக்கு வாங்கின கூலி, மத்தவங்களை விட 46 சதவீதம் அதிகம். நூறு வாங்குற இடத்தில் நூத்து நாப்பத்தாறு. ஆனால் மூணு வயசுக்கு மேல குடிச்சவங்களுக்குக் கூலியில் அந்த வித்தியாசம் வரலை. காலம் தப்பினா நாத்து நட்டும் பலனில்லைன்னு சொல்லுவோம்ல, அதே மாதிரி.

பெண்களுக்கு? கஞ்சி குடிச்ச பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல கூடுதலாப் படிச்சாங்க. அவங்க பெத்த பிள்ளைகளும் உயரமா வளர்ந்தாங்க. ஆனால் அவங்க கூலி மட்டும் கூடலை. இதைப் படிக்கிறப்ப எனக்கு வலிச்சது. உடம்பில் தெம்பு இருந்தும், படிப்பு இருந்தும், பெண்ணோட உழைப்புக்குச் சரியான விலை கிடைக்கலைன்னா பலன் அவ கைக்கு வராது. அதனாலதான் சாப்பாடும் வேணும், நம்ம குழுவும் வேணும், ரெண்டும் சேர்ந்து வேணும்.

ரெண்டாவது கதை இலங்கைத் தேயிலைத் தோட்டம். நம்ம தென் மாவட்டங்களிலிருந்து போனவங்களோட வழிவந்தவங்க நிறையப் பேர் கொழுந்து பறிக்கிற நாடு. அங்கே ரத்தசோகை உள்ள பெண் தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. 1979-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ரத்தம் ஊறினதும் அவங்க பறிச்ச கொழுந்தோட எடை கூடினது. ரொம்ப வெளுத்திருந்தவங்களுக்குத்தான் அதிகமாக் கூடினது. காப்பிப் பழம் பறிக்கிற நம்ம கீழ்மலை அக்காமாருக்கு இதை விளக்கிச் சொல்லணுமா? கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவளுக்கு ரத்தம்தான் முதல்.

இதெல்லாம் சேர்த்து, ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க 1 டாலர் போட்டா 23 டாலர் அளவுக்குப் பலன் வரும்னு 2024-ல் உலக வங்கி கணக்குச் சொல்லியிருக்கு. ரூபாய்க்கும் அதே விகிதம்தான். ஆனால் ஒன்னைச் சரியாப் புரிஞ்சுக்கணும். இது அடுத்த வருஷமே கைக்கு வர்ற வட்டி இல்லை. அந்தப் பிள்ளை படிச்சு, வளர்ந்து, ஆயுசு முழுக்க உழைக்கிறதில் கொஞ்சம் கொஞ்சமா வர்றது. மாடு ஒரு வருஷத்தில் பால் கொடுக்கும். பிள்ளை இருபது வருஷம் கழிச்சுக் கொடுக்கும், ஆனால் நாப்பது வருஷம் கொடுத்துக்கிட்டே இருக்கும்.

நம்ம நாட்டுக் கணக்கும் உண்டு. பள்ளிக்கூட மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள், பின்னாடி தாயானப்ப, அவங்க பிள்ளைகள் உயரமா இருந்தாங்கன்னு 2021-ல் ஓர் ஆய்வு வெளியாச்சு. அன்னைக்குத் தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளையோட நிக்கலை, பேரப்பிள்ளை வரைக்கும் போயிருக்கு. செலவு ஒருமுறை, வரவு ரெண்டு தலைமுறை.

நம்ம மலையில்

எங்க பாட்டி காலத்தில் மேல்மலைக் காட்டில் கேழ்வரகு, சாமை, தினை எல்லாம் விளைஞ்சதுன்னு சொல்லுவாங்க. விளைஞ்சதைத் தின்னாங்க. பிறகு உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டுன்னு காசுப் பயிர் பெருகினது. காசு வந்தது நல்லதுதான், குறை சொல்லலை. ஆனால் சாப்பாடு காட்டிலிருந்து வராமல் கடையிலிருந்து வர ஆரம்பிச்சது. கடையிலிருந்து வர்றதில் முதல் பங்கு யாருக்குப் போகுது, கடைசிப் பங்கு யாருக்குப் போகுதுன்னு நமக்குத் தெரியும்.

நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறப் பூண்டு கொடுக்கிறது தமிழ்நாடு முழுக்க வழக்கம். எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு நம்ம பூண்டு போகுது. அதைப் புடுங்கின பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் போறப்ப முந்தானையில் இருக்கிறது விலை போகாத பொடிப் பல்லு.

"நிறையத் தின்னா பிள்ளை பெருசாகிப் பிரசவம் கஷ்டமாகும்"னு இன்னும் சொல்ற வீடு இருக்கு. அங்கன்வாடியில் தாய்க்குன்னு கொடுக்கிற சத்து மாவை வீடே பங்கு போடுறதும் உண்டு. மாட்டுக்குக் கரைச்சு ஊத்தினதையும் நான் பார்த்திருக்கேன். இதில் அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற குறை.

அரசாங்கம் கொடுக்கிறதும் கொஞ்சம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு நிதி உதவி 1987-ல் 300 ரூபாயில் ஆரம்பிச்சது. 2006-ல் 6,000 ஆகி, 2011-ல் 12,000 ஆகி, 2018-ல் 18,000 ஆச்சு. அதில் 14,000 பணம், 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறது நம்மளை மாதிரிக் குழுப் பெண்கள்தான். 1920-ல் நாலு சுவத்துக்குள்ள ஆண்கள் போட்ட தீர்மானம், நூறு வருஷம் கழிச்சு நம்ம கைக் கரண்டிக்கு வந்திருக்கு. இது பெருமைதான்.

இவ்வளவு இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் நாலில் ஒன்னு வயசுக்கேத்த உயரம் இல்லை. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் வரிசையா உக்காந்திருக்கிறப்ப, இடப்பக்கம் ஒருத்தியைப் பாருங்க, வலப்பக்கம் ஒருத்தியைப் பாருங்க. மூணு பேரில் ஒருத்திக்காவது இருக்கும்.

அரசாங்கப் பணம் தவணையா வருது. பசி தினமும் வருது. வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்க மலையில் ஒரு நாள் கூலி போயிடும். இந்த இடைவெளியைத்தான் குழு நிரப்பணும்.

எங்க குழு போட்ட கணக்கு

வயித்தில் இருக்கிற 270 நாளும், பொறந்த பிறகு ரெண்டு வருஷம், 730 நாளும் சேர்த்தா 1,000 நாள். குவாத்தமாலாக் கதையும் கோட்டாம்பட்டிக் கதையும் காட்டுறது இந்தக் காலத்தைத்தான். வீட்டுச் சோத்துக்கு மேல ஒரு முட்டை 7 ரூபாய், ஒரு டம்ளர் பால் 10, ஒரு கட்டுக் கீரை 10, ஒரு கை பச்சைப்பயறோ சுண்டலோ 8, ஒரு கடலைமிட்டாய் 5. நாளைக்கு 40 ரூபாய். மாசம் 1,200. இதில் கொஞ்சம் அங்கன்வாடியிலேயே கிடைச்சிடும்.

2017-ல் நான் அந்தப் பழைய தீர்மானப் பக்கத்தைக் கூட்டத்தில் எடுத்து வாசிச்சேன். மாட்டுக் கடன் வாங்கின அக்காதான் முதலில் எழுந்து, "என் மாட்டைச் சொல்லிச் சொல்லி என்னைக் கொல்லாதடி, புள்ளத்தாச்சிக்கும் கொடுத்துத் தொலைங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம். அன்னைக்கே தீர்மானம் போட்டோம். எங்க சொந்தச் சேமிப்பிலிருந்து வட்டி இல்லாத கடன். அஞ்சாம் மாசத்திலிருந்து பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் மாசம் 1,000 வீதம் 11 மாசம். பிள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்ச பிறகு மாசம் 500 வீதம் 22 மாசத்தில் திருப்பணும். மொத்தமாக் கையில் கொடுக்கிறதில்லை, மாசாமாசம்தான். மொத்தமாக் கொடுத்தா வீட்டில் வேற செலவுக்குப் போயிடும்.

வட்டி இல்லாமல் கொடுத்தா குழுவுக்கு நட்டம்தானேன்னு ஒருத்தர் கேட்டாங்க. நட்டம்தான். ஒரு கடனில் எங்களுக்குப் போற வட்டி, அந்த 25 நாளில் ஒரு வண்டிச் செலவுக்குக்கூட வராது. அதோட, குறைமாசப் பிள்ளைக்காக ஒருத்தி வெளியில் கடன் வாங்கிட்டா குழுத் தவணையும் சேர்ந்துதான் நிக்குது. அது எங்க புத்தகத்திலேயே இருக்கு. இதுவரைக்கும் ஒன்பது பேர் வாங்கியிருக்காங்க. ஏழு பேர் முழுசா அடைச்சுட்டாங்க, ரெண்டு பேர் கட்டிக்கிட்டு இருக்காங்க. ஒன்பது பேரை வச்சு ஆராய்ச்சி முடிவுன்னு சொல்ல மாட்டேன். ஆனால் "சாப்பிட்டுத் தீர்த்தா எப்படித் திருப்புவா?"ன்னு 2014-ல் கேட்டோமே, அதுக்குப் பதில் கிடைச்சிருச்சு.

அந்த 1 கிலோ 700 கிராம் பிள்ளை இன்னைக்குப் பள்ளிக்கூடம் போறான். ஓடி ஆடுறான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்சம் நேரமாகும். அவன் அம்மாதான் எங்க ஊர்ப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறா. அவ ரெண்டாவதா உண்டானப்ப முதல் கடன் அவளுக்குத்தான் எழுதினேன்.

அதனால கூட்டமைப்புக்கு என் விண்ணப்பம் இதுதான். நம்ம எல்லாக் குழுவிலும் ஒரு தீர்மானம் போடுவோம். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் ஆகிய உறுப்பினர்களின் உணவுச் செலவு உற்பத்திக் கடனாகவே கருதப்படும். குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து வட்டியின்றி, மாதாமாதம் வழங்கப்படும். உறுப்பினர் கர்ப்பத்தை மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து, அங்கன்வாடியில் எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா என்று குழுவில் ஒருவர் கூட இருந்து கவனிப்பார். தாய்க்கு வரும் சத்து மாவைத் தாயே சாப்பிடுவார்."

கூட்டத்தில் கை தூக்குறப்ப, தூக்குற கை வெளுத்திருக்கா சிவந்திருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்குங்க. தீர்மானம் எழுத ஆள் வேணும்னா கூப்பிடுங்க. ஒரு தடவை தப்பா எழுதின கை, இன்னொரு தடவை சரியா எழுதிக் கொடுக்கும்.